மருந்துப் பெட்டி வந்த வழி

கடையிலோ மருத்துவமனையிலோ மருந்து வாங்கும்போது நாம் எதைக் கேட்கிறோம்? எத்தனை வேளை, உணவுக்கு முன்னா பின்னா என்று கேட்கிறோம். கசக்குமா என்று சிறுவர்கள் கேட்பார்கள். அந்த மருந்து நம் ஊருக்கு எவ்வாறு வந்து சேர்ந்தது, அடுக்கிலிருந்து அதை எடுத்தவர் யார், பெட்டியில் வைத்துக் கட்டியவர் யார் என்று கேட்பவர் மிகச் சிலர். அப்படிக் கேட்கும் தேவை நேர்ந்தால், எங்கோ தவறு நடந்துவிட்டது என்று பொருள்.

அந்த வேலையில் பல ஆண்டுகள் இருந்தவன் நான். ஒரு மருந்துக் கிடங்கிலே பெட்டி எடுத்துக் கொடுப்பவனாகச் சேர்ந்தேன், பிறகு கட்டுபவனானேன், சரிபார்ப்பவனாக ஓய்வு பெற்றேன். அது எந்த ஊர், எந்தக் கிடங்கு என்பது இந்தப் பேச்சுக்கு வேண்டுவதில்லை. எடுப்பது, அடுக்குவது, கட்டுவது என்ற மூன்று வேலைகளையும் கண்டவன் என்ற உரிமையோடு மாணவர்களாகிய உங்களிடம் பேச வந்திருக்கிறேன்.

கிடங்கு நமக்குப் புதியதன்று. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பட்டினப்பாலையை உங்களில் பலர் பாடமாகப் படித்திருப்பீர்கள். காவிரிப்பூம்பட்டினத்துப் பண்டகசாலை அதிலே வருகிறது. கடலிலிருந்து நிலத்துக்கு ஏறும் பண்டங்களும் நிலத்திலிருந்து கடலுக்கு இறங்கும் பண்டங்களும் அங்கே சோழனுடைய புலிச் சின்னம் பொறிக்கப்பட்டு வெளியேறுகின்றன. மூட்டைகள் மலை போலக் குவிந்திருக்கின்றன. அவற்றின்மேல் நாயும் ஆட்டுக்கடாவும் துள்ளுகின்றன. மலைச்சாரலில் வருடை துள்ளுவது போல என்கிறார் புலவர். தமிழாசிரியர்கள் உவமையின் அழகைச் சொல்லித் தருவார்கள். எனக்கோ அதைப் படிக்கும்போதெல்லாம், நாய் குதித்தும் சரியாமல் நின்ற அந்த அடுக்கின்மேல்தான் கண் செல்லும். அடுக்கியவன் கைத்தேர்ந்தவன்!

அதே காலத்தை ஒட்டிய மற்றொரு சான்று எகிப்து நாட்டிலே கிடைத்திருக்கிறது. செங்கடற் கரையில் பெரெனிகே என்னும் பழைய துறைமுகத்தை அகழ்ந்தவர்கள், செராபிஸ் கோயிலின் முற்றத்தில் இந்தியாவிலிருந்து சென்ற பெரிய சாடி ஒன்றைக் கண்டார்கள். அதனுள் ஏறத்தாழ 7.5 கிலோகிராம் கருமிளகு இருந்தது. கி. பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த மிளகு! கடல் கடந்து சென்றும், மண்ணுக்குள் ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகள் கிடந்தும், மிளகு மிளகாகவே இருந்தது. உள்ளிருக்கும் பொருளுக்கு ஏற்ற கலம் அமைந்தால் என்ன ஆகும் என்பதை அந்தச் சாடி காட்டுகிறது.

இனி நம் காலத்துக்கு வருவோம். தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளுக்கு மருந்து வாங்கி வழங்குவதற்கென்று 1994-இல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் அமைக்கப்பட்டது. 1995 ஜனவரி முதல் அது மருந்து வழங்கி வருகிறது. நான் வேலை பார்த்தது அங்கே அன்று. ஆயினும் இந்தத் தொழிலில் இருந்தவன் அதைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. அதற்கு முன்பெல்லாம் பல மருத்துவமனைகளில் மாத்திரைகள் பெரிய தகர டப்பாக்களில் உதிரியாக வரும். கம்பவுண்டர் அவற்றைக் கையால் எண்ணிக் காகிதத்தில் மடித்துக் கொடுப்பார். மழைக்காலத்தில் டப்பாவின் அடிப்பகுதி மாத்திரைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். காகிதத்தில் மடித்த மாத்திரைக்குப் பெயரும் இல்லை, காலாவதி நாளும் இல்லை. கழகம் மாத்திரைகளை அலுமினியத் தகட்டுப் பட்டைகளில் அடைத்து வாங்கத் தொடங்கியது. ஒவ்வொரு பட்டையிலும் அரசு வழங்கும் மருந்து, விற்பனைக்கு அன்று என்ற குறிப்பும் கழகத்தின் சின்னமும் அச்சாயின. புலிப் பொறியின் பேரப்பிள்ளை என்று அதனைச் சொல்லலாம்.

மாவட்டங்களில் கிடங்குகள் எழுந்தன. ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஒரு கணக்குப் புத்தகம் தரப்பட்டது. வங்கிப் பாஸ் புத்தகம் போன்றதுதான். தனக்கு ஒதுக்கிய தொகைக்குள் தனக்கு வேண்டிய மருந்தை அந்த மருத்துவமனை எடுத்துக்கொள்ளலாம். பின்னர்க் கேரளம் 2007-இலும் இராசத்தான் 2011-இலும் இதே முறையைத் தழுவித் தத்தம் கழகங்களை அமைத்துக்கொண்டன.

கிடங்குக்குள் ஒரு பெட்டி நுழைந்தவுடன் அது மருந்தாகிவிடுவதில்லை. முதலில் அது காவலில் வைக்கப்படும். ஒவ்வொரு தொகுதியிலிருந்தும் மாதிரி எடுத்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புவார்கள். முடிவு வரும்வரை அந்தப் பெட்டிகளைத் தனி இடத்தில் அடுக்கி, எவரும் எடுக்காதபடி எழுதி வைப்பார்கள். நல்ல முடிவு வந்த பிறகே அவை பொது அடுக்குக்குச் செல்லும்.

அடுக்குவதற்கும் அளவுண்டு. உலக நல நிறுவனமும் அதனோடு இணைந்தவர்களும் வகுத்த வழிகாட்டியில், பெட்டிகள் தரையிலிருந்து குறைந்தது 10 சென்டிமீட்டர் உயரத்தில் பலகைத் தட்டின்மேல் இருக்க வேண்டும், சுவரிலிருந்து 30 சென்டிமீட்டர் தள்ளி இருக்க வேண்டும், 2.5 மீட்டருக்குமேல் உயரக் கூடாது என்று கூறப்பட்டிருக்கிறது. தரையில் வைத்தால் ஈரம் ஏறும், கறையான் ஏறும். சுவரோடு ஒட்டினால் காற்றுப் புகாது, எலி குடியிருக்கும், பின்பக்கம் என்ன நடக்கிறதென்று நமக்குத் தெரியவே தெரியாது. உயரம் மிகுந்தால் அடிப்பெட்டி நசுங்கும். ஒருமுறை இடம் போதாமல் ஓர் அடுக்கைச் சுவரோடு சேர்த்து வைத்தோம். மூன்று மாதம் கழித்து அதனை இழுத்தபோது, பின்வரிசைப் பெட்டிகளில் அட்டை இருந்தது; உள்ளே இருந்த பஞ்சு எலிக்கூடாகியிருந்தது.

அடுக்குவதில் மற்றொரு நுட்பம் உண்டு. வீட்டிலே பாட்டிமார் புதுப் புளி வந்தாலும் பழம்புளியைத் தீர்த்த பின்புதான் புதுப் பானையைத் திறப்பார்கள். முதலில் வந்தது முதலில் போக வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. மருந்துக்கு அந்தக் கணக்குப் போதாது. சென்ற மாதம் வந்த பெட்டியின் காலாவதி இரண்டு ஆண்டு கழித்து இருக்கலாம். நேற்று வந்த பெட்டிக்கு எட்டு மாதமே எஞ்சியிருக்கலாம். ஆகையால் முதலில் காலாவதியாவதே முதலில் போக வேண்டும். அது முன்வரிசையில் நிற்க வேண்டும். அதன் நாள் எழுதிய பக்கம் நடைபாதையை நோக்கி நிற்க வேண்டும். புதிதாக வேலைக்கு வரும் பையன்கள் பெட்டியை அழகாகத்தான் அடுக்குவார்கள். எழுத்துப் பக்கம் உள்ளே போய்விடும்! பிரித்து மீண்டும் அடுக்கச் சொன்னால் முகம் சுருங்கும். என் முகமும் அப்படிச் சுருங்கியதுண்டு.

சரி, அடுக்கியாயிற்று. இனி எடுப்பது. ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து இண்டெண்ட், அதாவது தேவைப் பட்டியல், வருகிறது. அறுபது, எழுபது பொருள்கள் அதில் இருக்கும். எடுப்பவர் பட்டியலைக் கையில் பிடித்துக்கொண்டு தள்ளுவண்டியோடு புறப்படுகிறார். இந்த வேலையை அளந்து பார்த்தவர்கள் கூறுவது வியப்பாக இருக்கும்: எடுப்பவருடைய நேரத்தில் ஏறத்தாழப் பாதி, எடுப்பதில் செல்வதில்லை, நடப்பதில் செல்கிறது. ஆகவே கிடங்கை அமைப்பவர்களின் அறிவெல்லாம் நடையைக் குறைப்பதில் இறங்கியிருக்கிறது. நாள்தோறும் போகும் பொருள் வாயிலுக்கு அருகில், இடுப்புக்கும் தோளுக்கும் இடைப்பட்ட உயரத்தில் இருக்க வேண்டும். காய்ச்சல் மாத்திரையைக் கடைசி மூலையில் வைப்பவன் கிடங்கு தெரியாதவன். ஆண்டுக்கு இரண்டு முறை கேட்கப்படும் பொருள் உச்சியில் கிடக்கலாம்.

இணையத்தின்வழி விற்பவர்களுடைய பெருங்கிடங்குகளில் இன்னும் விந்தையான முறை ஒன்று உண்டு. ஒரே வகைப் பொருளை ஒரே இடத்தில் குவிப்பதில்லை. காலியாக உள்ள அறையில் கைக்கு வந்ததை வைத்துவிட்டு, எங்கே வைத்தோம் என்பதைக் கணிப்பொறிக்குச் சொல்லிவிடுவார்கள். சீப்புக்குப் பக்கத்தில் அகராதி இருக்கும். அகராதிக்குப் பக்கத்தில் பல்துலக்கி இருக்கும். பார்ப்பதற்குத் தாறுமாறு. ஆனால் சீப்பை எடுக்கப் போனவர் தவறி அகராதியை எடுத்துவிட மாட்டார் அல்லவா? மனிதன் நடப்பதற்குப் பதிலாக அடுக்கே மனிதனிடம் நடந்து வரும் ஏற்பாடும் வந்துவிட்டது. 2003-இல் அமெரிக்காவில் தொடங்கிய கீவா என்னும் நிறுவனம், அலமாரியின் அடியில் புகுந்து அதைத் தூக்கிவரும் குட்டி வண்டிகளைச் செய்தது. 2012-இல் அமேசான் அந்த நிறுவனத்தை வாங்கிக்கொண்டது.

மருந்துக் கிடங்கிலோ தாறுமாறு உதவாது, அகரவரிசையும் முழுவதும் உதவாது. அகரவரிசை ஒழுங்கு என்று நாம் பள்ளியிலே கற்றிருக்கிறோம். ஆனால் அகரவரிசை செய்வது என்ன? ஒத்த பெயர்களைப் பக்கத்துப் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்துகிறது. குளோர்பெனிரமின் என்பது சளி, அரிப்பு முதலியவற்றுக்குக் கொடுப்பது. குளோர்புரோமசின் என்பது மனநோய்க்குக் கொடுப்பது. இரண்டும் ஒரே எழுத்தில் தொடங்கி, ஒரே நீளத்தில், ஒரே நிற அட்டையில் வந்தால், மாலை ஐந்து மணிக்குக் களைத்த கண் எதைப் படிக்கும்? இத்தகைய இரட்டையர்களைப் பிரித்து வெவ்வேறு அலமாரியில் வைப்பது நல்ல கிடங்குகளின் வழக்கம். ஒரே மருந்தின் இரண்டு வலிமைகள் இன்னும் பொல்லாதவை. பெயரும் ஒன்று, பெட்டியும் ஒன்று. எண் மட்டும் வேறு.

இந்த இடத்தில் என் தவறு ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

பொங்கலுக்கு இரண்டு நாள் முன்பு. மூன்று ஊர்களின் பட்டியல்கள் ஒரே நேரத்தில் வந்திருந்தன. லாரி வாயிலில் நின்று உறுமிக்கொண்டிருந்தது. ஓட்டுநர் ஊருக்குப் போக வேண்டும், நாங்களும் போக வேண்டும். பட்டியலில் வலிப்பு நோய்க்கான ஃபீனோபார்பிட்டோன் மாத்திரை, 30 மில்லிகிராம் என்றிருந்தது. அது எந்தத் தட்டில் இருக்கும் என்பது என் கைக்கே தெரியும். கண் போகுமுன் கை போயிற்று. முதல் நாள்தான் அந்தத் தட்டில் இடம் மாற்றியிருந்தார்கள் என்பது என் கைக்குத் தெரியாது. நான் எடுத்த பெட்டி 60 மில்லிகிராம். சரிபார்க்க வேண்டிய நண்பர் பட்டியலைப் பார்த்து, "ஃபீனோபார்பிட்டோன் முப்பது?" என்றார். நானும் பட்டியலைப் பார்த்து, "முப்பது" என்றேன். இருவரும் பட்டியலைப் படித்தோம். பெட்டியைப் படித்தவர் ஒருவருமில்லை. அட்டையை மூடி, நாடா ஒட்டி, லாரியில் ஏற்றிவிட்டோம்.

பொங்கல் கழிந்து கிடங்கு திறந்த அன்று தொலைபேசி மணி அடித்தது. சிற்றூர் ஒன்றின் சுகாதார நிலையத்து மருந்தாளுநர் பேசினார், நடுவயது அம்மையார். "ஐயா, உங்கள் தாளிலே முப்பது என்று இருக்கிறது, பெட்டியிலே அறுபது என்று இருக்கிறது. யாருக்கும் கொடுக்கவில்லை. தனியே எடுத்து வைத்திருக்கிறேன்" என்றார். எனக்கு வியர்த்துவிட்டது. மறுநாள் காலை சரியான பெட்டியைப் பையில் வைத்துக்கொண்டு பேருந்தேறி நானே போனேன். அம்மையார் கோபித்துக்கொள்ளவில்லை. மோர் கொடுத்தார். பிறகு ஓர் அட்டையை எடுத்துக் காட்டினார். எட்டு வயதுச் சிறுமி ஒருத்தியின் மருந்து அட்டை அது. இரவு ஒரு மாத்திரை என்று எழுதியிருந்தது. அந்தச் சிறுமியின் தாய்க்கு எழுதப் படிக்கத் தெரியாது. மாத்திரை வெள்ளையா, வட்டமா என்றுதான் பார்ப்பாள். அளவு இரட்டித்தால் குழந்தை பகலெல்லாம் தூங்கி வழியும், நடை தள்ளாடும். பலவீனமான உடம்பாயின் அதற்கு மேலும் கேடு வரலாம்.

"நீங்கள் திறந்து பார்த்துத்தானே அனுப்புவீர்கள்?" என்று அம்மையார் கேட்டார். உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார், குத்திக் கேட்கவில்லை. எனக்கு விடை சொல்ல வாயெழவில்லை.

மருந்தாளுநர்களுக்குப் பயிற்சிக் காலத்திலேயே மும்முறை படி என்று சொல்லித் தருவார்கள்: புட்டியை எடுக்கும்போது, அளக்கும்போது, திரும்ப வைக்கும்போது. அந்த நாளுக்குப் பிறகு எங்கள் கிடங்கிலும் அதைக் கொண்டுவந்தோம். எடுப்பவர் பெட்டியிலுள்ளதை உரக்கப் படிப்பார். பெயர், வலிமை, தொகுதி எண், காலாவதி நாள். சரிபார்ப்பவர் பட்டியலைப் பார்ப்பார். எடுப்பவர் பட்டியலைப் பார்க்கக் கூடாது. மூடுமுன் கட்டுபவர் ஒருமுறை படிப்பார். கிடங்கு திண்ணைப் பள்ளிக்கூடம் போலாயிற்று என்று லாரிக்காரர்கள் கேலி செய்தார்கள். ஆகட்டும்.

இப்போது பொறிகள் படிக்கின்றன. கறுப்பும் வெள்ளையுமான கோடுகளைக் கடைப் பொருளில் அச்சிட்டு, ஒளியால் படிக்கும் முறை 1974 ஜூன் 26-இல் அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்து டிராய் நகரக் கடை ஒன்றில் முதன்முதல் விற்பனைக்கு வந்தது. அன்று படிக்கப்பட்ட முதற்பொருள் சூயிங்கம்! இந்தியாவில் 2023 ஆகஸ்டு முதல், மிகுதியாக விற்கும் 300 மருந்துப் பெயர்களின் உறைகளில் இத்தகைய குறியீட்டை அச்சிட வேண்டும் என்று விதி வந்தது. பொறிக்குக் கை முந்தும் பழக்கம் இல்லை, பொங்கலும் இல்லை. அதனால் நான் பொறியை வரவேற்கிறவன். ஆனால் குறியீடு கிழிந்திருந்தால், நனைந்திருந்தால், மனிதக் கண்தான் மறுபடி அழைக்கப்படுகிறது. அப்போது அந்தக் கண்ணுக்குப் படிக்கும் பழக்கம் இருக்க வேண்டும்.

எடுத்ததைப் பெட்டியில் வைக்கும் கலைக்கு வருவோம். நீங்கள் அன்றாடம் காணும் நெளி அட்டைப் பெட்டியைக் கிழித்துப் பாருங்கள். இரண்டு தட்டையான தாள்களுக்கு இடையே அலை போல ஒரு தாள். இந்த நெளிதாள் 1856-இல் இங்கிலாந்தில் பிறந்தபோது, உயரமான தொப்பிகளுக்கு உள்வரியாகப் பயன்பட்டது. 1871-இல் நியூயார்க்கில் ஆல்பர்ட் ஜோன்ஸ் என்பவர் புட்டிகளையும் விளக்குக் கண்ணாடிகளையும் சுற்றுவதற்கு அதற்குக் காப்புரிமை பெற்றார். 1874-இல் ஆலிவர் லாங் அதன்மேல் தட்டைத் தாளை ஒட்டினார். ஒவ்வொரு நெளிவும் ஒரு சிறு வளைவு. பாலத்தின் அடியில் சுமை தாங்கும் அதே வளைவுதான் காகிதத்தில் வந்திருக்கிறது.

பெட்டியின் வலிமை பெரும்பாலும் அதன் நான்கு மூலைகளில் இருக்கிறது. மூலையின்மேல் மூலை வருமாறு நேராக அடுக்கினால் அடுக்கு நிறையச் சுமை தாங்கும். செங்கல் கட்டுவது போல மாற்றி மாற்றி வைத்தால் அடுக்கு சாயாது. ஆனால் மேற்பெட்டியின் மூலை கீழ்ப்பெட்டியின் நடுவில் விழுவதால் தாங்கும் வலிமை பாதி வரை குறைந்துவிடும். ஈரக் காற்று பட்ட அட்டையும் அவ்வாறே தளர்ந்துவிடும். ஐப்பசி, கார்த்திகையில் கடலோரக் கிடங்குகளில் அடிப்பெட்டிகள் வயிறு பருத்து நிற்பதைக் கண்டிருக்கிறேன்.

உள்ளே வைப்பதில் கனமானவை அடியில், கண்ணாடி ஆம்ப்யூல்கள் நடுவில், இலேசானவை மேலே. நீர் மருந்துப் புட்டிகள் நிமிர்ந்தே இருக்க வேண்டும். காலியிடம் விடலாகாது, காலியிடத்தில்தான் பொருள் ஓடி மோதிக்கொள்கிறது. பெட்டியை மூடிக் காதருகே ஆட்டிப் பார்த்தால் ஒலி கேட்கக் கூடாது. கனத்தையும் மறக்கலாகாது. அரை லிட்டர் குளுக்கோஸ் புட்டிகள் 24 கொண்ட பெட்டி 12 கிலோகிராமுக்கு மேல் இருக்கும். அதைவிடப் பெரியதாகச் செய்தால் பெட்டியின் எண்ணிக்கை குறையும். தூக்குபவருடைய முதுகு வளையும். எல்லாம் வசதியாக அமைந்த நிலையிலும் ஒருவர் தூக்குவதற்கு 23 கிலோகிராமே மேலெல்லை என்று அமெரிக்கத் தொழில் நல ஆய்வாளர்கள் 1991-இல் கணக்கிட்டார்கள். நம் ஊரில் சிமெண்டு மூட்டை 50 கிலோகிராம். அதை நாள் முழுவதும் தலையில் சுமப்பவரை நீங்கள் பார்த்திருப்பீர்கள்.

வெளிக்கட்டு எங்கள் காலத்தில் கோணியும் சணலும்தான். கோணி ஊசியால் தைத்து, முடிச்சின்மேல் அரக்கு உருக்கி முத்திரை வைப்போம். அரக்கு மணம் இன்னும் என் நினைவில் இருக்கிறது. இன்று பாலித்தீன் மென்படலம் வந்துவிட்டது. பலகைத் தட்டில் அடுக்கிய பெட்டிகளைச் சுற்றிச் சுற்றி வருகிறார்கள். இழுத்துச் சுற்றுவதால் படலம் நீள்கிறது. நீண்ட படலம் பழைய நிலைக்குத் திரும்ப முயல்கிறது. அந்த முயற்சிதான் பெட்டிகளை இறுக்கிப் பிடிக்கிறது. சுற்றத் தொடங்குவது அடியிலிருந்து. முதற் சுற்றிலேயே பலகையும் பெட்டியும் ஒன்றாகக் கட்டுண்டுவிட வேண்டும். இல்லையேல் லாரி திரும்பும்போது பலகை ஒரு பக்கமும் பெட்டி ஒரு பக்கமும் போகும். காற்றுக் குமிழ் உறையைப் பிள்ளைகள் வெடித்து விளையாடுவார்கள். அதை 1957-இல் செய்த இருவர் சுவரில் ஒட்டும் அலங்காரத் தாள் ஒன்று செய்யவே முயன்றார்கள். சுவருக்கு உதவாதது புட்டிக்கு உதவிற்று.

கட்டுவதில் மிகக் கடினமானது தடுப்பூசி. தடுப்பூசிகளைப் பெரும்பாலும் 2 முதல் 8 டிகிரி செல்சியசில் காக்க வேண்டும். வெயில் கெடுக்கும் என்பது எல்லாருக்கும் தெரியும். குளிரும் கெடுக்கும் என்பது பலருக்குத் தெரியாது. தமிழ்நாட்டில் 2011 டிசம்பரில் தொடங்கி வழங்கப்படும் ஐந்து நோய்த் தடுப்பூசி, தொண்டை அடைப்பான், கக்குவான், இரணஜன்னி முதலியவற்றைத் தடுப்பது, உறைந்தால் வலிமை இழந்துவிடும். உறைபெட்டியிலிருந்து எடுத்த ஐஸ் பேக்கை அப்படியே குப்பிக்கு அருகில் வைத்தால், நாம் காப்பாற்ற வைத்த பனிக்கட்டியே அதைக் கெடுத்துவிடும். ஆகவே பேக்கை வெளியே வைத்துக் காத்திருக்க வேண்டும். எவ்வளவு நேரம்? கடிகாரம் பார்த்துச் சொல்ல இயலாது. பேக்கைக் கையில் எடுத்து ஆட்ட வேண்டும். உள்ளே சிறிது நீர் உருகி, கட்டி அசையும் ஒலி கேட்டால் அது பக்குவம். சாதாரணப் பெட்டியில் ஒலி கேட்கக் கூடாது. இதிலோ ஒலி கேட்டே ஆக வேண்டும்!

ஒலி கேட்கும்வரை காத்திருப்பது வேலை செய்யாமல் நிற்பது போலத் தோன்றும். இங்கேதான் எனக்கு ஒரு கவலை. வணிகப் பெருங்கிடங்குகளில் மணிக்கு எத்தனை பொருள் எடுத்தார், இரண்டு பொருளுக்கு இடையே எத்தனை நொடி நின்றார் என்று பொறி கணக்கெடுக்கிறது. கணக்குத் தவறில்லை. ஆனால் பெட்டியைத் திருப்பி எழுத்தைப் படிக்கும் இரண்டு நொடி அந்தக் கணக்கில் சோம்பலாகவே பதிவாகிவிட்டால், நாளடைவில் எவரும் படிக்க மாட்டார். கலிபோர்னியா மாநிலத்தில் 2022 ஜனவரி முதல் நடப்பில் வந்த சட்டம், கிடங்குத் தொழிலாளிக்கு விதித்த அளவை எழுத்திலே தெரிவிக்க வேண்டும் என்கிறது; உண்ணவும் ஓயவும் கழிவறை செல்லவும் நேரம் விடாத அளவை விதிக்கக் கூடாது என்றும் சொல்கிறது. சட்டம் போட்டுச் சொல்லும் நிலை வந்திருக்கிறது என்பதை எண்ணிப் பாருங்கள். தமிழ்நாட்டில் 2021-இல் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, வேலை செய்வோருக்கு இருக்கை தர வேண்டும் என்று விதித்தார்கள். நாள் முழுவதும் நின்றே துணி மடித்தவர்களும் பொட்டலம் கட்டியவர்களும் அதனால் உட்காரும் உரிமை பெற்றார்கள்.

பட்டினப்பாலைப் புலவர் சுங்கம் கொள்வோரின் ஓயாத உழைப்பைக் கதிரவனின் தேரிற் பூட்டிய குதிரைகளுக்கு ஒப்பிட்டார். அந்தக் குதிரைகளும் மாலையானால் அவிழ்க்கப்படும் என்று எண்ணிக்கொள்வேன்.

தடுப்பூசிப் பேச்சை முடிக்கவில்லையே. குப்பியின்மேல் ஒரு சிறு வட்டமும் அதனுள் ஒரு சதுரமும் அச்சாகியிருக்கும். 1996 முதல் உலகெங்கும் வழங்கிவரும் அடையாளம் இது. குப்பி பட்ட வெப்பத்தையெல்லாம் அந்தச் சதுரம் எண்ணிக்கொண்டே வருகிறது. எண்ண எண்ணக் கறுக்கிறது. சதுரம் வட்டத்தைவிட வெளிறியிருந்தால் ஊசி போடலாம். வட்டத்தின் நிறத்தை எட்டிவிட்டால் போடலாகாது. கிடங்கில் கட்டியவர் முதல் கடைசியில் சுமந்தவர் வரை அத்தனை பேரும் வெப்பத்திலிருந்து எப்படிக் காத்தார்கள் என்பதற்கு அந்தக் கடுகளவு சதுரமே சாட்சி. உறைந்ததா என்பதை மட்டும் அது சொல்லாது. அதற்கு ஐஸ் பேக்கை ஆட்டிப் பார்த்த கைதான் பொறுப்பு.

காலையில் அங்கன்வாடித் திண்ணையில் கிராம சுகாதாரச் செவிலியர் தம் பெட்டியைத் திறக்கிறார். தாய்மார் வரிசையில் நிற்கிறார்கள். அவர் ஒரு குப்பியை எடுத்து வெளிச்சத்தில் பிடிக்கிறார். பெயரைப் படிக்கிறார், நாளைப் படிக்கிறார், சதுரத்தைப் பார்க்கிறார். வெளிறித்தான் இருக்கிறது. "அம்மா, காலைப் பிடித்துக்கொள்" என்கிறார்.